வாசலில் நிறுத்தப்பட்ட ஆறு பேர்: அறிவியல் புனைகதை ரசிகர்களின் அரசியல் பூசல்கள்

1939 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மன்ஹாட்டனில் கேரவன் ஹால் என்ற அரங்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு தொடங்கியது. ஏறத்தாழ இருநூறு பேர் வந்திருந்தார்கள். பத்திரிகை அட்டைகளில் விண்கலங்களை வரைந்து புகழ்பெற்ற ஃபிராங்க் ஆர். பால் சிறப்பு விருந்தினர். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதனின் உடையில் வந்திருந்தார். அவரிடம் கடன் வாங்கிய பணத்தில் பேருந்து ஏறி வந்தவர் பதினெட்டு வயது ரே பிராட்பரி. பத்தொன்பது வயது ஐசக் அசிமோவும் உள்ளே போய் அமர்ந்துவிட்டார்.

ஆறு பேரை மட்டும் உள்ளே விடவில்லை. டொனால்ட் வொல்ஹைம், ஃபிரெடெரிக் போல், ஜான் மிஷெல், ராபர்ட் லவுண்டஸ், ஜாக் கில்லெஸ்பி, சிரில் கோர்ன்ப்ளூத். கோர்ன்ப்ளூத்துக்கு அன்றுதான் பதினாறு வயது நிறைந்தது. ஆறு பேரும் ‘ஃபியூச்சரியன்ஸ்’ என்ற ரசிகர் குழுவைச் சேர்ந்தவர்கள், இடதுசாரிகள். மாநாட்டை நடத்திய மூவரான சாம் மாஸ்கோவிட்ஸ், வில்லியம் சைக்கோரா, ஜேம்ஸ் டாரசி ஆகியோர் இவர்கள் கூட்டத்தைக் குலைத்துவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். ரசிகர் உலகின் வரலாற்றில் இந்த நிகழ்ச்சி ‘மாபெரும் விலக்கல்’ என்றே பெயர் பெற்றுவிட்டது.

ஒரே வகைக் கதைகளை உயிராக நேசித்த, ஏறக்குறைய ஒரே வயதுடைய, ஒரே வட்டாரத்து இளைஞர்கள் ஏன் இப்படிப் பிரிந்தார்கள்? அதற்குப் பிந்தைய எண்பத்தைந்து ஆண்டுகளில் இதே சமூகம் போர், இனம், பாலினம், தணிக்கை என்று பல கேள்விகளில் மறுபடி மறுபடி உடைந்திருக்கிறது. பொழுதுபோக்குக்காகக் கூடும் ஒரு கூட்டத்தில் அரசியல் நுழையும்போது நட்புக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய இதைவிட நீண்ட, விரிவாகப் பதிவான வரலாறு கிடைப்பது அரிது. இவர்கள் எழுதித் தீராதவர்கள். தங்கள் சண்டைகளையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நண்பர்களாக இருந்தவர்கள்

1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிடுவது அவர் வழக்கம். அந்த முகவரிகளைப் பார்த்து வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். ஊர் ஊராகச் சங்கம் அமைத்தார்கள். கையால் சுழற்றும் நகலெடுக்கும் இயந்திரங்களில் சிற்றிதழ்கள் அச்சிட்டார்கள். 1934இல் கெர்ன்ஸ்பேக்கே ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன் லீக்’ என்ற அமைப்பையும் தொடங்கிவைத்தார்.

வொல்ஹைம் எழுதிய முதல் கதை அதே ஆண்டு கெர்ன்ஸ்பேக்கின் இதழில் வெளிவந்தது. சன்மானம் வரவில்லை. தன்னைப் போலவே ஏமாற்றப்பட்ட வேறு சில எழுத்தாளர்களைச் சேர்த்துக்கொண்டு, வழக்கறிஞர் மூலம் போராடித்தான் அந்தப் பணத்தை வாங்க முடிந்தது. 1935இல் லீக் மூன்று பேரை வெளியேற்றியது: வொல்ஹைம், மிஷெல், சைக்கோரா. நான்கு ஆண்டுகள் கழித்து வொல்ஹைமையும் மிஷெலையும் வாசலில் தடுத்த குழுவில் இருந்தவர் இதே சைக்கோராதான். ஒன்றாக வெளியேற்றப்பட்ட நண்பர்களில் ஒருவர் மற்ற இருவரையும் வெளியேற்றினார்.

இடையில் நடந்தது என்ன? 1937 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய ரசிகர் கூட்டத்தில் மிஷெல் எழுதிய உரையை வொல்ஹைம் வாசித்தார். உலகப் பொருளாதார மந்தம் வேலைவாய்ப்பைத் தின்றுகொண்டிருந்த காலம், ஸ்பெயினில் உள்நாட்டுப் போர், ஜெர்மனியில் ஹிட்லர். வருங்காலத்தைப் பற்றிக் கனவு காணும் வாசகர்கள் நிகழ்காலத்தில் பாசிசத்தை எதிர்த்து நிற்க வேண்டும், அறிவியல் வழியில் ஒரு சோஷலிச உலகுக்காக உழைக்க வேண்டும் என்பது உரையின் சாரம். இதை ஏற்கும்படி கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. எதிர்த்தவர்களும் ஹிட்லரை ஆதரித்தவர்கள் அல்லர். கதைகளுக்காகக் கூடிய இடத்தில் கட்சி எதற்கு என்பதே அவர்களது கேள்வி. இந்த வேறுபாட்டோடு பழைய சங்கக் கணக்குகளும் சேர்ந்துகொண்டன. சைக்கோராவும் வொல்ஹைமும் இணைந்து நடத்திய சங்கம் ஒன்று அதே ஆண்டு கலைந்திருந்தது. கொள்கைப் பிளவு எது, தனிப்பட்ட மனக்கசப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை.

மாநாட்டு நாளன்று அரங்கில் ஒரு துண்டுப் பிரசுரக் கட்டு சிக்கியது. அமைப்பாளர்கள் சர்வாதிகாரமாக நடக்கப்போகிறார்கள் என்று வாசகர்களை எச்சரித்த பிரசுரம் அது. ஒழுங்காக நடந்துகொள்வோம் என்று வாக்குக் கொடுத்தால் உள்ளே விடுகிறோம் என்றார் மாஸ்கோவிட்ஸ். சில ஃபியூச்சரியன்கள் உள்ளே போனார்கள். ஆறு பேர் வெளியே நின்றார்கள். அச்சத்தினால் எடுத்த நடவடிக்கை பிரசுரம் சொன்னதையே உண்மையாக்கிவிட்டது. பிரசுரத்தை எழுதிய டேவிட் கைல் அரங்குக்குள்ளேயே இருந்தார். நண்பர்களான அந்த ஆறு பேருக்கும் அது தெரியாது.

வெளியேற்றப்பட்டவர்கள் வெளியேற்றுவதைக் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1945இல் ஃபியூச்சரியன்ஸ் குழுவே பிளந்தது. ஒரு தரப்பு மறுதரப்பைக் குழுவிலிருந்து நீக்கியது. வொல்ஹைம் பழைய தோழர்கள் மீதே அவதூறு வழக்குத் தொடுக்கும் அளவுக்கு அது முற்றியது. இந்தக் கதையை அக்குழுவில் இருந்த டேமன் நைட் 1977இல் தனி நூலாகவே எழுதினார்.

எதிரெதிர்ப் பக்கங்கள்

வாசலில் நிறுத்தப்பட்ட ஃபிரெடெரிக் போல் 1960களில் ‘கேலக்ஸி’ என்ற முன்னணி இதழின் ஆசிரியர் ஆனார். 1968 ஜூன் இதழில் அவர் வெளியிட்ட இரண்டு பக்கங்கள் இந்தத் துறையின் அரசியல் வரைபடம் போல இன்றும் எடுத்துக் காட்டப்படுகின்றன. ஒரு பக்கத்தில், அமெரிக்கா வியட்நாமில் தொடர்ந்து நிற்க வேண்டும் என்று கையெழுத்திட்ட எழுபத்துச் சொச்சம் பெயர்கள். எதிர்ப்பக்கத்தில், அந்தப் போரில் அமெரிக்கா பங்கேற்பதை எதிர்த்த எண்பத்துச் சொச்சம் பெயர்கள். இரண்டுமே எழுத்தாளர்கள் தங்கள் பணம் போட்டு வெளியிட்ட விளம்பரங்கள்.

போர் எதிர்ப்பு விளம்பர முயற்சியைத் தொடங்கியவர்கள் எழுத்தாளர்கள் ஜூடித் மெரிலும் கேட் வில்ஹெல்மும். எதிர்காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் போரை எதிர்ப்பார்கள் என்றே அவர்கள் எதிர்பார்த்தார்கள். ராபர்ட் ஹைன்லைன், பூல் ஆண்டர்சன், ஜாக் வான்ஸ், லாரி நிவன், லீ பிராக்கெட், ஜான் காம்ப்பெல் என்று மறுபக்கம் நீண்ட பட்டியல் அவர்களைத் திகைக்க வைத்தது. எதிர்ப்பாளர் பட்டியலில் அசிமோவ், பிராட்பரி, உர்சுலா லெ குவின், பிலிப் கே. டிக், சாமுவேல் டெலனி, ஜோவன்னா ரஸ் ஆகியோர். அசிமோவும் ஹைன்லைனும் இரண்டாம் உலகப் போரின்போது ஃபிலடெல்ஃபியா கடற்படைத் தளத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அதே தளத்தில் வேலை பார்த்த ஸ்ப்ராக் டி கேம்ப் போர் ஆதரவுப் பட்டியலில் இருந்தார். அந்த ஆண்டே மெரில் அமெரிக்காவை விட்டு நீங்கிக் கனடாவின் டொரன்டோவில் குடியேறினார்.

போல் இரண்டு விளம்பரங்களையும் சம அளவில், எதிரெதிராக அச்சிட்டார். கூடவே வியட்நாம் சிக்கலுக்குத் தீர்வு சொல்லும்படி வாசகர்களுக்கு ஒரு பரிசுப் போட்டியும் அறிவித்தார். பதினாறு வயதில் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் சேர்ந்து, பின்னர் விலகிய அவருக்கு அரசியல் கருத்து இல்லாமல் இல்லை. எனினும் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தபோது எந்தத் தரப்பையும் வெளியே நிறுத்தவில்லை.

அந்த இரண்டு பட்டியல்களின் இரு கோடிகளில் இருந்தவர்கள் ஹைன்லைனும் பிலிப் கே. டிக்கும். கடற்படையில் பயின்ற, ராணுவத்தின் மீது ஆழ்ந்த மதிப்புக் கொண்ட பழமைவாதி ஒருவர். அரசையே சந்தேகித்த, போதைப்பொருளோடும் வறுமையோடும் போராடிய கலகக்காரர் இன்னொருவர். டிக் நோயுற்றிருந்தபோது ஹைன்லைன் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்திருக்கிறார்; உதவட்டுமா என்று கேட்டிருக்கிறார்; மின்தட்டச்சு இயந்திரம் ஒன்று வாங்கித் தர விரும்பியிருக்கிறார். வரி கட்ட முடியாமல் டிக் திண்டாடியபோது பணம் கடனாகவும் கொடுத்திருக்கிறார். 1980இல் வெளிவந்த தம் சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில் டிக் இதை எழுதிவைத்திருக்கிறார். ஹைன்லைனின் எழுத்தில் உள்ள கொள்கை எதிலும் தமக்கு உடன்பாடில்லை என்பதையும் அங்கேயே சொல்கிறார்.

கொழும்பிலிருந்து வந்த விருந்தினர்

எல்லா நட்பும் இப்படித் தப்பிக்கவில்லை. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும் ஹைன்லைனும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான நண்பர்கள். 1983இல் அமெரிக்க அதிபர் ரீகன், விண்வெளியிலிருந்து அணு ஏவுகணைகளை அழிக்கும் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார். ‘ஸ்டார் வார்ஸ்’ என்ற பட்டப்பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்தத் திட்டத்துக்கு ஆதரவு திரட்டிய குழுவில் எழுத்தாளர்களும் பொறியாளர்களும் இருந்தார்கள். கலிஃபோர்னியாவில் லாரி நிவனின் வீட்டில் அவர்கள் கூடுவது வழக்கம். கிளார்க் அத்திட்டத்தை வெளிப்படையாக விமர்சித்திருந்தார்.

1984இல் கிளார்க் அந்த வீட்டுக்கு வந்தார். தொழில்நுட்ப விவரங்களில் அவர் செய்திருந்த பிழைகளைப் பொறியாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த விவாதம் அதன் போக்கில் முடிந்திருக்கும். ஹைன்லைன் வேறு இடத்தில் அடித்தார். அமெரிக்காவின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வெளிநாட்டவரான கிளார்க்குக்கு உரிமையே இல்லை என்றார். பிரிட்டிஷ்காரர்களுக்கே உரிய ஆணவம் என்று குற்றம் சாட்டினார். கிளார்க் மிகவும் புண்பட்டார். பழைய நெருக்கம் திரும்பவில்லை. 1988 மே மாதம் ஹைன்லைன் இறந்தபின் கிளார்க் எழுதிய அஞ்சலிக் குறிப்பில் அந்தச் சண்டையை மறைக்கவில்லை. நண்பரின் உடல்நலக் குறைவை மனத்தில் வைத்து அவரை மன்னித்து, நன்றி கூறி விடைபெற்றார்.

டிக்கோடு இருந்ததைவிடக் கிளார்க்கோடு ஹைன்லைனுக்கு இருந்த கருத்து இடைவெளி சிறியது. இருந்தும் முறிந்தது கிளார்க்கின் நட்புதான். ஒருவரது வாதத்தை மறுப்பதும், அவருக்கு வாதிடும் தகுதியே இல்லை என்று சொல்வதும் வெவ்வேறு செயல்கள். 1939இல் வாசலில் நடந்ததும் 1984இல் வரவேற்பறையில் நடந்ததும் இரண்டாவது வகை. இந்தச் சமூகத்தின் நெடிய வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் இந்த வேறுபாடே திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது: கருத்து மோதலைத் தாங்கிய நட்புகள் ஏராளம், இடத்தை மறுத்தபின் தாங்கியவை மிகச் சில.

ஆய்வுகள் சொல்வது

அரசியல் அறிஞர் ஷாந்தோ ஐயங்காரும் அவரது குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பரவலாக அறியப்பட்டது. தங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருந்துவீர்களா என்று அமெரிக்கர்களிடம் கேட்டபோது, 1960இல் இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் ஆம் என்றார்கள். 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினர் ஆம் என்றார்கள். கொள்கைகளில் உள்ள தூரத்தைவிட, எதிர்த் தரப்பு மனிதர்கள் மீதான வெறுப்பே வேகமாக வளர்ந்திருக்கிறது என்பது அவர்களது முடிவு.

அரசியல் அறிஞர் டயானா மட்ஸ் 2006இல் வெளியிட்ட நூல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மாற்றுக் கருத்துடையவர்களோடு பழகுகிறவர்களுக்கு எதிர்த் தரப்பின் நியாயங்கள் விளங்குகின்றன, சகிப்பும் கூடுகிறது. ஆனால் அதே மனிதர்கள் அரசியலில் ஈடுபடத் தயங்குகிறார்கள். உறவு கெட்டுவிடுமே என்ற அச்சம் அவர்களை வாய் மூட வைக்கிறது. சங்கங்களில் ‘இங்கே அரசியல் வேண்டாம்’ என்ற குரல் எழுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த அச்சம் இருக்கிறது. அது இழிவான அச்சம் அல்ல.

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே சில நிபந்தனைகளைச் சொல்லிவைத்தார். இரு தரப்பினர் கலந்து பழகுவதால் மட்டும் பகை குறைந்துவிடாது. சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டுழைப்பு, அமைப்பின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால் குறையும். நல்ல பொழுதுபோக்குச் சங்கம் முதல் மூன்றையும் இயல்பாகவே தருகிறது. நான்காவதில்தான் அது சறுக்குகிறது.

வாக்குச் சீட்டில் வந்த சண்டை

கெர்ன்ஸ்பேக்கின் பெயரால் 1953இல் தொடங்கிய ஹியூகோ விருதை நடுவர் குழு தீர்மானிப்பதில்லை. உலக மாநாட்டுக்குக் கட்டணம் செலுத்தி உறுப்பினராகும் எவரும் பரிந்துரைக்கலாம், வாக்களிக்கலாம். இந்தத் திறந்த முறையே 2015இல் போர்க்களமானது.

விருதுகள் இடதுசாரிச் சார்புடைய சிறு வட்டத்தின் கைக்குப் போய்விட்டன, விறுவிறுப்பான கதைகளை விரும்பும் சாதாரண வாசகர்கள் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று எழுத்தாளர் லாரி கோரெயா 2013இல் ‘சோக நாய்க்குட்டிகள்’ என்ற பெயரில் பிரசாரம் தொடங்கினார். 2015இல் பிராட் டார்கர்சன் அதை முன்னெடுத்தார். அதைவிடத் தீவிரமான வலதுசாரி அணியொன்று ‘வெறிபிடித்த நாய்க்குட்டிகள்’ என்ற பெயரில் இணையாக இயங்கியது. பெண்களும் கறுப்பின எழுத்தாளர்களும் அண்மை ஆண்டுகளில் விருது மேடையில் முன்பைவிட அதிகமாக இடம் பெற்றுவந்தார்கள். இந்தப் பிரசாரம் அதற்கு எதிரான கூச்சல் என்றே எதிர்த் தரப்பு புரிந்துகொண்டது.

பரிந்துரைக் கட்டத்தில் வாசகர்களின் வாக்குகள் நூற்றுக்கணக்கான படைப்புகளுக்குச் சிதறிப் போகும். ஆகவே ஒரே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சில நூறு பேர் வாக்களித்தால் ஒரு பிரிவின் ஐந்து இடங்களையும் பிடித்துவிடலாம். அதுவே நடந்தது. இறுதிச் சுற்றில் 5,950 பேர் வாக்களித்தார்கள். அதுவரை இல்லாத எண்ணிக்கை. ஸ்போக்கேன் நகரில் முடிவு அறிவிக்கப்பட்டபோது ஐந்து பிரிவுகளில் ‘யாருக்கும் விருது இல்லை’ என்ற தேர்வே வென்றது. அதற்கு முன் விருதின் மொத்த வரலாற்றிலும் ஐந்து முறைதான் அப்படி ஆகியிருந்தது.

இரு தரப்புக்கும் நடுவில் நசுங்கியவர்கள் எழுத்தாளர்கள். தாங்கள் கேட்காமலே ஓர் அணியின் பட்டியலில் இடம்பெற்று, அதனாலேயே வாசகர்களின் கோபத்துக்கு ஆளானவர்கள் உண்டு. மார்கோ க்ளூஸ், ஆனி பெல்லெட் இருவரும் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற தங்கள் படைப்புகளைத் தாங்களே விலக்கிக்கொண்டார்கள். க்ளூஸின் நாவல் விட்ட இடத்தில் சீன எழுத்தாளர் லியு சிசினின் ‘மூன்று உடல் சிக்கல்’ ஆங்கில மொழிபெயர்ப்பு நுழைந்தது. அதுவே அவ்வாண்டு சிறந்த நாவலானது. ஒருவரின் மனச்சாட்சி இன்னொருவருக்கு வழிவிட்டது.

அதன்பின் அமைப்பு செய்த காரியம் கவனத்துக்குரியது. எந்த அணியையும் தடை செய்யவில்லை. எவருடைய கருத்தையும் விசாரிக்கவில்லை. எண்ணும் முறையை மாற்றியது. ஒருவர் பல படைப்புகளைப் பரிந்துரைத்தால் அவரது வாக்கின் மதிப்பு அவற்றுக்குள் பங்கிடப்படும் என்ற புதிய விதி பொதுக் கூட்டத்தில் விவாதிக்கப்பட்டு, இரண்டு ஆண்டு மாநாடுகளின் ஒப்புதலோடு 2017இல் நடைமுறைக்கு வந்தது. எந்த நிறத்துக் கட்சி பட்டியல் போட்டாலும் அந்த விதி ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

அரசியல் எப்போது நுழைந்தது?

‘முன்பெல்லாம் கதையை மட்டும் பேசினோம்’ என்ற ஏக்கம் எல்லாச் சங்கங்களிலும் கேட்கிறது. இந்தச் சமூகத்தின் வரலாறு அந்த நினைவை உறுதிப்படுத்தவில்லை. சாமுவேல் டெலனி தம் ‘நோவா’ நாவலை 1967இல் பத்திரிகைத் தொடராக வெளியிட அனுப்பியபோது, துறையின் மிகச் செல்வாக்கான ஆசிரியர் ஜான் காம்ப்பெல் அதை மறுத்தார். கறுப்பினத்தவரைக் கதைத்தலைவனாக வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்பது காரணம். இதை டெலனி 1998இல் ஒரு கட்டுரையில் பதிவு செய்தார். அன்று யாரும் அரசியல் பேசியதாகக் கருதியிருக்க மாட்டார்கள். தன் இடம் பறிபோனவருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. அமைதியாக இருந்த காலம் எல்லோருக்கும் அமைதியாக இருந்ததா என்ற கேள்வியைக் கேட்காமல் ‘அரசியல் வேண்டாம்’ என்ற விதியை எழுதுவது நியாயமாகாது.

வெளியேற்றவே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. 2013இல் அமெரிக்காவின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் ஓர் உறுப்பினரை நீக்கியது. கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஒருவரை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்திய தம் எழுத்தைச் சங்கத்தின் சமூக ஊடகக் கணக்கு வழியாக அவர் பரப்பினார் என்பது பிரச்சினை. சக உறுப்பினரை மனிதராக மதிக்க மறுப்பது கருத்து வேறுபாடு என்ற கணக்கில் வராது. வாக்களித்த கட்சி, ஆதரித்த போர், நம்பிய பொருளாதாரக் கொள்கை ஆகியவை ஒருவகை. அருகில் அமர்ந்திருப்பவரை இழிவுபடுத்துவது வேறுவகை. முதலாவதைத் தண்டிக்கும் சங்கமும் இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளும் சங்கமும் உறுப்பினர்களை இழக்கின்றன.

மறைவில் எடுக்கும் முடிவுகள் இவை எல்லாவற்றையும்விடக் கேடு விளைவிப்பவை. 2023இல் சீனாவின் செங்டு நகரில் உலக மாநாடு நடந்தது. ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல் போதிய பரிந்துரை பெற்றிருந்தும் ‘தகுதியற்றது’ என்று விளக்கமின்றி விலக்கப்பட்டது 2024 ஜனவரியில் வெளியான புள்ளிவிவரத்தில் தெரிந்தது. அடுத்த மாதம் கசிந்த மின்னஞ்சல்கள், வட அமெரிக்க நிர்வாகிகளே படைப்பாளர்கள் சீனாவைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடித் தொகுத்ததைக் காட்டின. பல்லாண்டுகள் ஊதியமின்றி இந்த மாநாடுகளுக்கு உழைத்த நண்பர்கள் ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல் போனார்கள்.

2024இல் கிளாஸ்கோ மாநாடு, போலி உறுப்பினர்கள் மூலம் பதிவானதாகக் கண்டறிந்த 377 வாக்குகளை நீக்கியது. எத்தனை, ஏன் என்பதை முடிவு வரும் முன்பே வெளிப்படையாக அறிவித்தது. விலக்கல் இரண்டு இடத்திலும் நடந்தது. காரணம் சொல்லப்பட்ட இடத்தில் சமூகம் அதை ஏற்றுக்கொண்டது.

1939இல் விலக்கப்பட்டவர்களும் அவர்களது தோழர்களும் இந்தச் சமூகத்தை விட்டுப் போகவில்லை. பிரசுரம் எழுதிய டேவிட் கைல் 1956இல் நியூயார்க் உலக மாநாட்டின் தலைவரானார். போல் 1972இலும் வொல்ஹைம் 1988இலும் உலக மாநாட்டின் சிறப்பு விருந்தினர்களாக அழைக்கப்பட்டார்கள். ஆனால் அந்த அழைப்பு வொல்ஹைமுக்கு வர நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. சதுரங்கக் கழகமோ வாசகர் வட்டமோ பறவை நோக்குவோர் குழுவோ நடத்துகிறவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. என்ன செய்தால் ஒருவரை விலக்கலாம், யார் அதை முடிவு செய்வது, விலக்கப்பட்டவர் எங்கே முறையிடுவது என்ற மூன்று விதிகளையும் சண்டை இல்லாத நாளில், எல்லோரும் கூடியிருக்கும்போது எழுதிவைத்துவிடுங்கள். சண்டை வந்தபின் எழுதப்படும் விதியை எந்தத் தரப்பும் நம்பாது.